வலிக்கிறது என்றவனும் வலிக்கவில்லை என்றவளும்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்ற சொல்லை இந்த முறை பழக்க தோஷத்தில் போடவில்லை, யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். போன வாரம் போனில் நீங்கள் கேட்டபோது நான் மென்று விழுங்கியதற்கும், உங்கள் மகள் "அவரே விவரமா எழுதுவார்ப்பா" என்று என்னை மாட்டிவிட்டு நழுவியதற்கும் காரணம் இருக்கிறது. கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெரியவனுக்கு முழங்கால் வலி என்று எட்டு மாதமாக நான் ஊரைக் கூட்டியது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்பிய முழங்கால் உறையை அவன் கால்சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு, போர்முனையிலிருந்து திரும்பியவன் மாதிரி பள்ளிக்கூடம் போனான். விளையாட்டு வகுப்பில் அவனுக்கு மட்டும் நாற்காலி. பத்து வயதுப் பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றால் பெற்றவன் மனசு கேட்குமா? குடும்ப டாக்டர் "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார். நான் விடவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "எலும்பு இரும்பு மாதிரி இருக்கு" என்றார். அப்போதும் விடவில்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தது. சரி என்று வந்ததும் என் சந்தேகம் இரட்டிப்பானது. குழந்தைகளின் மூட்டு நோய்க்கென்றே தனியாக ஒரு நிபுணர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் அனுப்பச் சொல்லிக் குடும்ப டாக்டரின் உயிரை வாங்கினேன். மனிதர் தாங்க முடியாமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை வழியிலேயே பிரித்துப் பார்த்தேன், தப்புதான். மொத்தம் மூன்று வரி. ஒரு வரி பையனைப் பற்றி. மற்ற இரண்டும் என்னைப் பற்றி: தகப்பனார் மிகுந்த பதற்றத்தில் இருக்கிறார், தாங்கள் பார்த்து அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

போன இடத்துக்கெல்லாம் சின்னவளும் கூடவே வந்தாள். ஆறு வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? வழக்கமாக வெளியே அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். அவளைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை, கோபம்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் "தூக்கு" என்று கையை நீட்டுவாள். தூக்காவிட்டால் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். "மகாராணி பவனி வருது, வழி விடுங்க" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். பத்து மணிக்கு மேல் பார்த்தால் ஓடிக்கொண்டிருப்பாள். சோம்பல் என்றுதானே மாமா நினைக்கத் தோன்றும்?

நிபுணர் ஒரு அம்மா. இந்த முறை நால்வரையும் உள்ளே கூப்பிட்டார். வெளியே நெடுநேரம் காத்திருந்த அசதியில் சின்னவள் உள்ளே வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா பெரியவனைப் படுக்க வைத்து, மடக்கி, நீட்டி, நடக்க வைத்து, குதிக்க வைத்து, "உன் மூட்டுல ஒண்ணும் இல்லப்பா, தாராளமா ஓடு" என்றார். நான் கைவசம் வைத்திருந்த கேள்விகளை எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "பாப்பா, இங்க வா" என்றார். சின்னவள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலை நேராக்காமல் நாலு எட்டு நொண்டி நொண்டி வைத்து, பிறகு சரியாக நடந்து போனாள்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றார் டாக்டரம்மா.

"எப்படி?" என்றேன் நான்.

அவளுடைய இரண்டு முழங்கால்களையும் ஒட்டி வைத்துக் காட்டினார். ஒன்றில் பக்கவாட்டில் அழகாகக் குழி விழுந்திருந்தது. மற்றதில் குழியே இல்லை, உப்பியிருந்தது, தொட்டால் சுட்டது. நான் வேலை செய்யும் மரச்சாமான் பட்டறையில் நாற்காலிக் கால் ஒரு மயிரிழை கூடினாலும் கண்ணாலேயே சொல்லிவிடுவேன், அதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணுக்கு இது தெரியவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது மாமா.

"வலிக்குதா பாப்பா?"

"இல்ல."

"காலைல?"

"நான் எழுந்துடுவேன். இந்தக் கால் மட்டும் லேட்டா எழுந்துக்கும்."

மூட்டு அழற்சி என்றார். "ஆறு வயசுக் குழந்தைக்கா?" என்றேன். "ஒரு வயசுக் குழந்தைக்கும் வரும். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது, வலிக்காத மாதிரி நடக்கக் கத்துக்கும்" என்றார். உங்கள் மகள் அழுதுவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியே விட்டிருந்தால் கால் கோணிப்போயிருக்கலாம். இந்த நோய் சில குழந்தைகளுக்குச் சத்தமில்லாமல் கண்ணிலும் இறங்குமாம். சிவக்காது, உறுத்தாது, பார்வை குறைந்த பிறகுதான் தெரியவருமாம். மறுநாளே கண் டாக்டரிடம் ஓடினோம். அவர் கருவியில் பார்த்து முடிக்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை. கண் இரண்டும் சுத்தம். இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். முழங்காலுக்குள் மயக்கத்தில் ஒரு ஊசி போட்டார்கள், அவளுக்குத்தான் மயக்கம் கொடுத்தார்கள், எனக்கு அது தானாக வந்தது. மூன்று வாரம் கழித்து நேற்றுக் காலை மகாராணி இரண்டு காலால் படியிறங்கி வந்து "பால் எங்க?" என்றாள். அந்தப் பாலை வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடுதலாக ஆற்றிக் கொடுத்தேன். இவ்வளவு சந்தோஷமான காலை எனக்கு வந்ததில்லை.

மாமா, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பெரியவனை நீங்கள் போனில் ஒரு பிடி பிடிக்க வேண்டும். என் பேச்சை அவன் மதிப்பதில்லை. எட்டு மாதம் நம் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறான். இனி தலையே வலிக்கிறது என்றாலும் நம்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

அத்தைக்கு எங்கள் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதம் பேத்தியின் இடது முழங்காலுக்குச் சற்றுக் கூடுதலாகப் போய்ச் சேரட்டும்.

என்றும் பணிவுள்ள,
மருமகன்

பி.கு. உறையில் போடுமுன் உங்கள் மகள் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுப் பெரியவனைக் கூப்பிட்டு, "எதுக்குடா அத்தனை மாசம் வலிக்குதுன்னு சொன்னே?" என்று கேட்டாள்.

"முதல்ல, ஓடுறதுக்குச் சோம்பலா இருந்துச்சு, அதான்" என்றான். "பாத்தியா" என்று நான் எழுந்தேன்.

"அப்புறம் பாப்பா காலைல நொண்டுறதப் பாத்தேன். அப்பாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். 'உன்னப் பாத்து அவ நடிக்கிறா, போடா'ன்னுட்டார். எனக்கு வலிக்குதுன்னாதான் டாக்டர்கிட்ட போறோம். போனா அவளும் வருவா. யாராவது ஒரு டாக்டர் அவ காலையும் பாத்துடுவாங்கன்னு நெனச்சேன்."

"டாக்டர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானேடா?"

"ஊசி போடுவாங்கன்னு பாப்பா அழுதாம்மா. அவ காலைப் பத்தி யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அப்புறம் சத்தியம் பண்ணிட்டேன். என் காலைப் பத்திச் சொல்லலாம்ல?"

இரண்டு தடவை சொன்னது உண்மை, எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. மாமா, அவனைத் திட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், போனை நானே எடுக்கிறேன்.