இப்பவரும் நானாவுக்கு இலை வேண்டும்

அம்பிட்டிய மேட்டில் எந்தப் பொருளும் செத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு நானாதான். இரண்டு வருடமாக ஒரு தேங்காய்ச் சில்லைக்கூட அரைக்காத கிரைண்டரைக் காட்டி, அது ஓய்வெடுக்கிறது என்பார். எந்த இயந்திரத்தைத் தட்டினாலும், முறுக்கினாலும், கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்: "இப்ப வரும்." ஆகவே ரோட்டில் எல்லோருக்கும் அவர் இப்பவரும் நானா. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும்.

போன வருடம், மேலே இருந்த பழைய விருந்தினர் விடுதியை மூடியபோது, யாரும் சீண்டாத ஒரு சாமானை நானா வீட்டுக்கு இழுத்துவந்தார். முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், அது காய்ந்த இலையை உறிஞ்சும். பக்கவாட்டில் ஒரு வாய், அதில் கிளையைக் கொடுத்தால் தூளாக்கும். பின்னால் தொங்க வேண்டிய பையை எலி தின்றிருந்தது. என்ஜின் எப்போது கடைசியாக ஓடியது என்று விடுதிக்காரருக்கே நினைவில்லை.

அண்ணன் முறையில் அவரை நானா என்பதுபோல், அவர் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். வீட்டுக்கு முன்னால் இறங்கிய அந்தச் சிவப்பு மிருகத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் கார்புரேட்டரைக் கழற்றி, ராத்தா பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் அவிக்கும் தட்டிலேயே பெற்றோல் ஊற்றி நானா ஊறப்போட்டபோதுதான் பேசினார். நெடுநேரம் பேசினார். அந்த வருடப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த வட்டிலப்பத்தில் ஏலக்காயோடு வேறொரு வாசனையும் இருந்தது. மரியாதைக்காக நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அன்று முழுக்க அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை.

என்ஜின் பெல்ட்டுக்காக நானா கெலிஓயாவில் ஏறாத கடையில்லை. பைக்கு மட்டும் கடையே தேவைப்படவில்லை. புசல்லாவையில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் உறவுக்காரரிடம் ஒரு பழைய சாக்கு வாங்கி, தானே தைத்துக்கொண்டார். சாக்கை உதற வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அந்த மேதைக்கு வரவில்லை.

முதல் ஓட்டம் ஒரு திங்கட்கிழமை காலை. முப்பதாவது இழுவையில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சாக்கின் நெசவுக்குள் வருடக்கணக்காக ஒளிந்திருந்த தேயிலைத் தூள் ஒரேயடியாக வெளியே வந்தது. ரோடு முழுக்கத் தும்மல். வேலைக்குப் போகக் கொடியில் நான் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டைகள் நான்கும் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறமாகிவிட்டன. மெஷினோ நானாவின் பிடியில் நிற்காமல், நடுங்கிக்கொண்டே சரிவில் இறங்கி, கீழ்வீட்டு டீச்சரின் கேட்டில் முட்டி நின்றது. நின்றது நின்றதுதான், மறுபடி ஓடவில்லை.

நகரசபையில் நான் கிளார்க். நியாயமான மனிதன் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு எண்ணம். அந்த நியாயமான மனிதன், தேயிலை நிறச் சட்டையோடு, அன்றே சுகாதாரப் பகுதிக்குப் பெயர் போடாமல் ஒரு முறைப்பாடு எழுதினான்.

ஒரு மாதம் கழித்துச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். தூசியைத் தேடி வந்தவருக்கு நுளம்பு கிடைத்தது. முற்றத்தில் நனைந்து கிடந்த மெஷினின் வயிற்றுக்குள் மழைத்தண்ணீர் நின்றது, அதில் புழுக்கள் நெளிந்தன. டெங்கு பரவும் காலம். அவர் சிங்களத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பாவனையில் உள்ள, அதாவது ஓடுகிற மெஷின் என்றால் தண்ணீரைக் கொட்டித் துடைத்து வைத்துக்கொள்ளலாம். பழைய இரும்பு என்றால் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அடுத்த சனிக்கிழமை தன் கண்முன்னே அது வேலை செய்ய வேண்டும்.

அந்த வாரம் நானா சரியாகச் சாப்பிடவில்லை என்று ராத்தா என் மனைவியிடம் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. பரிசோதகர் வந்தார். ரோடே வேலியோரம் கூடியது. நானா கயிற்றை இழுத்தார், "இப்ப வரும்" என்றார். மறுபடி இழுத்தார். பதினேழாவது இழுவையில் உண்மையாகவே வந்தது. யாரோ கை தட்டினார்கள். பரிசோதகர் தலையசைத்து, சத்தம் சரி, இலையை உறிஞ்சிக் காட்டுங்கள் என்றார்.

நானா குனிந்து முற்றத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஓர் இலை இல்லை. பரிசோதகர் வருகிறார் என்ற பயத்தில் விடியும்போதே ரோட்டுச் சனம் முழுவதும் குப்பையைக் கூட்டி அள்ளி, நகரசபை டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டது. ராத்தா தன் முற்றத்தை ஈர்க்கு விளக்குமாற்றால் இரண்டு தடவை பெருக்கியிருந்தார். அம்பிட்டிய அவ்வளவு சுத்தமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"தம்பி, ஒங்க முத்தத்துல ஒரு எல சரி ஈக்கா?" என்று நானா என்னிடம் கேட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் என் பலா மரத்தில் ஏறினேன். ஏறி உலுக்கினேன். கேட் நெளிந்த நாளிலிருந்து நானாவோடு பேசாத டீச்சர், தன் மாமரத்தடியில் தடியோடு நின்று அடித்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் எங்களையெல்லாம் தோற்கடித்தவர் ராத்தாதான். ஒரு கொத்துக் கேட்டாலும் முகம் சுளிக்கும் தன் கறிவேப்பிலை மரத்தில் பெரிய கிளையாக ஒன்றை முறித்து வந்து நானாவிடம் நீட்டினார்.

"பாத்துட்டு நிக்காம மெஷின புடிங்க."

மெஷின் பலாவிலையைத் தின்றது, மாவிலையைத் தின்றது, கறிவேப்பிலைக் கிளையைத் தூளாக்கி ரோட்டையே தாளித்தது. அந்த வேகத்தில் பரிசோதகரின் கையிலிருந்த படிவத்தையும் இழுத்துக்கொண்டது. அவர் வெறுங்கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, "பாவனையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அவர் போனபின் நானாவைத் தனியாகக் கூப்பிட்டு, முறைப்பாட்டை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் தம்பி," என்றார் நானா, மெஷினைத் துடைத்தபடி. "அன்டைக்கு அந்தப் பரிசோதகர் மாத்தயா கையில கடிதத்தப் பாத்தேன். இந்த ரோட்டுல அவ்வளவு வடிவா எழுதுற வேற ஆள் யாரு ஈக்கி?"

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் என் முற்றத்தை யாரையும் கூட்ட விடுவதில்லை. நானா வரும்வரை இலைகள் அப்படியே கிடக்கும். குறைவாக விழுந்திருந்தால், மரத்தை நானே கொஞ்சம் உலுக்கிவிடுகிறேன்.