கூறைப்புடவை ஷாட்டில் லென்ஸ் அண்ணன்

பட்டுப்புடவையில் குறை கண்டுபிடிக்கும் விஷயத்தில் ஆரணி லென்ஸ் அண்ணனுக்கு நிகராக இந்தப் பூமியில் இன்னொருவர் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும், அந்தக் குழந்தையைச் சுற்றிக் கொண்டுவரும் துணியை அவர் முதலில் ஒரு பார்வை பார்த்து, “மில் துணி” என்று சொல்லிவிட்டுத்தான் குழந்தையின் முகத்தைப் பார்ப்பார்.

பட்டு வியாபாரி ஒருவரின் கடையில், தறியிலிருந்து வரும் புடவைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. பாயில் புடவையை விரித்து, கரை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி, உள்பக்கம் ஜரிகை எப்படி ஓடுகிறது என்று ஒரு குட்டி லென்ஸ் வைத்துப் பார்ப்பார். அறுந்த இழை, விட்டுப்போன இழை எதுவும் அவரிடம் தப்பாது. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. மாமியார் வீட்டிலேயே “லென்ஸ் மாப்ள” என்றுதான் கூப்பிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் தாலுகா ஆபீஸ் வேலையாக ஆரணிக்குப் போன நான், அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். குடிபுகுந்த அன்றே கொடியில் காய்ந்த என் லுங்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இத வித்தவன் உங்கள ஏமாத்திட்டான்” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். அந்த லுங்கியை அதற்குப் பிறகு என்னால் நிம்மதியாகக் கட்ட முடியவில்லை.

அவர் கைக்கு ஒரு வியாதி இருந்தது. பட்டு என்று கண்ணில் பட்டால் கை தானாகப் போய்விடும். ஒருமுறை போளூர் பஸ்ஸில், முன் சீட்டு அம்மாவின் முந்தானை சீட்டுக்குப் பின்னால் தொங்கியது. இவர் கை போய்விட்டது. அந்த அம்மா திரும்பி, “யோவ், இன்னாய்யா பண்ற?” என்று எழுந்துவிட்டார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பஸ்ஸே அடிக்கத் தயாரானது. லென்ஸ் அண்ணன் அசையாமல், “ஏம்மா, மூணாவது கட்டத்துல ஒரு இழ வுட்டுப்போயிருக்கு. எந்தக் கடைல எடுத்தீங்கோ?” என்றார். அவ்வளவுதான். போளூர் வந்து சேரும்வரை இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். அன்று முதல் பஸ் ஏறியதும் அண்ணனின் மனைவி தனம் அக்கா, அவரது இரண்டு கையிலும் ஒவ்வொரு பையைக் கொடுத்துவிடுவார்.

ஊர்ப் புடவையில் எல்லாம் குறை கண்டவருக்குத் தன் வீட்டில் மட்டும் தீர்க்க முடியாத குறை ஒன்று இருந்தது. அவர்களுக்குக் கல்யாண போட்டோ கிடையாது. வேலூரிலிருந்து வந்த போட்டோக்காரர் முகூர்த்தத்திலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் பளிச் பளிச்சென்று அடித்துத் தள்ளினார். மாப்பிள்ளையும் பெண்ணும் பல் வலிக்கச் சிரித்தார்கள். கடைசியில் பார்த்தால் கேமராவுக்குள் பிலிமே போடவில்லை! தனம் அக்கா இதைச் சொல்லிச் சண்டை போட்டதில்லை. ஆனால் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் அன்று ராத்திரி, “அவங்க போட்டோல நல்லாத்தான் இருப்பாங்க” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்கு லென்ஸ் அண்ணன் இருபத்தைந்து வருஷமாகத் தலைகுனிந்து சாப்பிட்டார்.

இந்த நிலைமையில்தான் ஊருக்கு ஷூட்டிங் வந்தது.

ஊர் எல்லையிலிருந்த கல்யாண மண்டபத்தில் கல்யாணக் காட்சி எடுக்கிறார்கள், மெட்ராஸிலிருந்து கூட்டத்தை ஏற்றிவந்த பஸ் வழியில் படுத்துவிட்டது, சொந்தப் பட்டுப்புடவை, பட்டு வேட்டியோடு அறுபது பேர் உடனே வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவர் தெருத்தெருவாக ஓடிவந்தார். ஆரணியில் பட்டுக்கு என்ன பஞ்சம்? பத்து நிமிஷத்தில் எங்கள் தெருவிலேயே அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். தறிச் சத்தம் நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒரு வீட்டில் அவசரத்தில் சாமிப் படத்துக்குப் போட்ட பூவையே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

லென்ஸ் அண்ணன் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி வந்தார்.

“சார், ஜல்தியா கிளம்புங்க! கல்யாண சீன் சார்! மணவற, மால, மேளம் எல்லாம் அவங்களே வெச்சிகினு இருக்காங்கோ. பிலிமு போட்ட கேமரா சார்! நானும் அவளும் பக்கத்துல பக்கத்துல நின்னுட்டா போதும்.”

“அண்ணா, எனக்கு ஆபீஸ் இருக்கே?”

“காய்ச்சல்னு எயுதிக் குடுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கோ.”

எழுதிக் கொடுத்துவிட்டேன். போகும் வழியெல்லாம் எனக்கு இரண்டு பயம். படம் வந்து அதில் என் முகம் தெரிந்தால் தாசில்தார் என்ன செய்வார் என்று ஒரு பக்கம். தெரியாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கே பார்த்தாலும் ஒயர், விளக்கு, நிஜ வாழைமரம், நிஜமல்லாத தாமரை. மேக்கப்காரர் லென்ஸ் அண்ணன் முகத்தில் பவுடரைத் தட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, கோவிலில் தீர்த்தம் வாங்குகிற பக்தியோடு நின்றார். தனம் அக்கா அரக்குப் பட்டில் ஜொலித்தார். அந்த அக்கா அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்கு மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். நடுவில் நாயகி ஒருமுறை குறுக்கே நடந்து போனார். அறுபது பேரும் மூச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தோம். ஒருவர் மட்டும் கொசுவத்தைப் பார்த்தார்.

பிறகு உதவி டைரக்டர் வந்து காட்சியை விளக்கினார். மேடையில் நாயகனும் நாயகியும் உட்கார்ந்திருப்பார்கள். கூறைப்புடவையும் தாலியும் வைத்த தட்டு கூட்டத்துக்குள் வரும். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்ய வேண்டும். முன்வரிசைக்கு ஆள் தேடி அவர் கண்ணை ஓட்டினார். “நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா? ஜோடியா வாங்க, முன்னாடி நில்லுங்க” என்று சாட்சாத் லென்ஸ் அண்ணனையும் தனம் அக்காவையும் கேமராவுக்கு நேராக நிறுத்திவிட்டார்! அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, லாட்டரி விழுந்தவனுக்குக்கூட அப்படி முகம் மலராது. நான் தாசில்தாரை நினைத்து ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

“ஆக்‌ஷன்!”

மேளம் கொட்டியது. தட்டு வந்தது. தனம் அக்கா அழகாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்து லென்ஸ் அண்ணன். தட்டில் கூறைப்புடவை இருந்தது. கை போய்விட்டது. கரையைப் பிடித்தார், திருப்பினார், குனிந்தார்.

“கட்! யாருய்யா அது? தொட்டுக் கும்பிடச் சொன்னா, கடையில துணி வாங்கற மாதிரி பாக்கறாரு?”

அண்ணன் பதறிப்போய், “மன்னிச்சிக்கோங்க சார், கை பழக்கம்” என்றார். மறுபடி மேளம். இந்த முறை இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கை கரையைத் திருப்பிவிட்டது.

மூன்றாவது முறை தனம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னாங்க, உங்க கால்ல வுழறேன், இன்னிக்கு ஒரு நாளு அதப் பாக்காதீங்க” என்றார். அண்ணனும் மேலே விட்டத்தைப் பார்த்தபடி நின்றார். தட்டு வந்தது. பார்க்காமலே தொட்டார். தொட்டதுதான் வினையானது. விரல் பட்ட மறுகணம் அவர் முகம் மாறிவிட்டது.

“ஐயய்யோ! சார், இது பட்டே இல்ல சார்!”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நாயகனும் சிரித்துவிட்டார். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து, “அந்தாளை வெளியில அனுப்பு! வேற ஜோடியை நிறுத்து!” என்று கத்தினார்.

லென்ஸ் அண்ணன் வாசல் பக்கம் நடந்தார். தனம் அக்கா முன்வரிசையிலேயே நின்றிருக்கலாம். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால், “அவரு இல்லாம எனக்கு இன்னா கல்யாணம்” என்று முணுமுணுத்துவிட்டு அவரும் பின்னாலேயே போனார். இரண்டு பேரும் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் போய் நின்றேன்.

“இருவத்தஞ்சு வருசம் கழிச்சி ஒரு சான்ஸு வந்துச்சி சார். அதையும் நானே பேஜார் பண்ணிட்டேன்” என்றார் அண்ணன். பவுடர் பூசிய கன்னத்தில் இரண்டு கோடு இறங்கியிருந்தது.  எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

உள்ளே வேறு ஜோடியை வைத்து எடுத்தார்கள். ஆனால் ஷாட் ஓகே ஆகவில்லை. இந்தத் தடவை கத்தியவர் கேமராமேன். “புடவை மேல லைட் பட்டு கண்ணைக் குத்துது சார். தட்டுல தாலியே தெரியல.” விளக்கை நகர்த்தினார்கள், தட்டைச் சாய்த்தார்கள். அந்தப் போலி ஜரிகை என்ன செய்தாலும் டாலடித்தது.

வாசலிலிருந்து லென்ஸ் அண்ணனின் குரல் மெதுவாக வந்தது. “உள்பக்கம் மேல வர மாதிரி மடிச்சி வெச்சா அடிக்காது சார்.”

 டைரக்டர் வாசல் பக்கம் திரும்பி, “வாய்யா, வந்து மடி” என்றார். அண்ணன் ஓடினார். புடவையை உதறி, உள்பக்கத்தை மேலே திருப்பி, கடையில் மடிப்பதுபோல் நான்கே தட்டுத் தட்டித் தாம்பாளத்தில் வைத்தார். கேமராமேன் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கினார்.

டைரக்டர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கு என்னய்யா வேணும்?”

“என் சம்சாரத்தோட பக்கத்துல நிக்கணும் சார்.”

டைரக்டர் தரையிலிருந்து தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். “நில்லு. ஆனா இதான் கடைசி. பிலிம் ரோல் முடியப்போகுது.”

அண்ணனுக்கு இது நான்காவது முறை. மேளம் கொட்டியது. தட்டு வந்தது. தூணைக் கட்டிக்கொண்டு நான் ஊரிலுள்ள எல்லா சாமியையும் கூப்பிட்டேன். தனம் அக்கா தொட்டுக் கும்பிட்டார். அண்ணன் தொட்டார், கண்ணில் ஒற்றினார், கையை எடுத்தார்! எடுத்தவர், தான் மடித்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியதோ என்னவோ, மறுபடி கரையைப் பிடித்துவிட்டார். தனம் அக்கா பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி போட்டார். போட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அண்ணன் திருட்டு முழி முழித்து, அவரும் சிரித்தார்.

நாங்கள் எல்லாம் “கட்” என்ற சத்தத்துக்குக் காத்திருந்தோம். டைரக்டர் சோர்ந்துபோய், “போகட்டும், ஓகே” என்றார்.

படம் வந்தபோது எங்கள் தெருவே முதல் ஆட்டத்துக்குப் போனது. கல்யாணக் காட்சி வரும்வரை லென்ஸ் அண்ணன் சீட்டு நுனியில்தான் இருந்தார். வெட்டியிருப்பார்கள் என்றே நானும் பயந்தேன். வெட்டவில்லை. அந்த அடியும் சிரிப்பும், மூன்று விநாடி, திரை முழுக்க! தியேட்டரில் எழுந்த விசிலில் மேளச் சத்தம் அமுங்கிப் போனது. தூணுக்குப் பக்கத்தில் என் காது ஒன்று மட்டும் தெரிந்தது. காதை வைத்து எந்தத் தாசில்தாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விசில் அடங்கியதும் தனம் அக்கா என் பக்கம் சாய்ந்து சொன்னார்: “அப்படியே இருக்குது தம்பி. தாலி கட்டற அன்னிக்கும் இப்படித்தான். என் மூஞ்சியப் பாக்காம கூறையத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துகினு இருந்தாரு. அன்னிக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டேன்.”

மறுநாள் நான் தியேட்டர் ஆபரேட்டரைப் போய்ப் பார்த்தேன். ரீல் அறுந்து ஒட்டும்போது இரண்டு துண்டு வீணாகிறது இல்லையா, அப்படி ஒரு துண்டு கிடைத்தது. தானாக அறுந்ததா என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒரு வாரம் மல்லுக்கட்டி அதைப் பெரிய படமாக்கிக் கொடுத்தார். கூடத்தில் சாமிப் படத்துக்கு அடுத்த ஆணியில் அது ஏறியது. பளபளவென்று அண்ணன், சிரித்துக்கொண்டு அக்கா, நடுவில் தாம்பாளத்தில் கூறைப்புடவை. பின்னால் மேடையில் மாலையோடு கலங்கலாக இரண்டு உருவம்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் தனம் அக்கா அதைக் காட்டி, “எங்க கல்யாண போட்டோ” என்பார். யாராவது கொஞ்சம் உற்றுப் பார்த்து, “அப்ப பின்னாடி மணவறைல குந்திகினு இருக்கறது யாரு?” என்று கேட்டால் அவருக்குப் பதில் தயாராக இருக்கும்.

“யாருக்குத் தெரியும்? யாரோ எங்க கல்யாணத்துக்கு வந்தவங்க.”

லென்ஸ் அண்ணனும் பக்கத்தில் நின்று, ஆமாம் என்று தலையாட்டுவார். நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முகூர்த்தத்துக்குப் போய் அட்சதை போட்டுவிட்டேன். அன்று தூணுக்குப் பின்னால் நின்று வாழ்த்தியதுபோல் மனசு நிறைய யாரையும் வாழ்த்தவில்லை.