எங்கள் வீட்டில் ரதி என்று ஒரு மகள் இல்லை

அக்கரப்பத்தனை,
திங்கட்கிழமை காலை.

கந்தப்பளையில் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்று, ஊர் மதிக்க வாழ்ந்துவரும், என் சம்பந்தி ஆகப்போகிற (இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் ஆவீர்கள் என்று நான் நம்புகிற) திரு. சின்னராசா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை அழகையா இரு கை கூப்பி எழுதுவது. இங்கே மாரியாத்தா புண்ணியத்தில் நானும் என் மனைவி ஜெயலெட்சுமியும் உடம்பளவில் சுகம். மனதளவில், நேற்று உங்கள் போன் வந்ததிலிருந்து சுகமில்லை. அங்கே நீங்களும் வீட்டிலுள்ளவர்களும், மகள் கேஷிகாவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பி செல்லசாமி அவர்களின் நலத்தை மட்டும் தனியாக விசாரிக்கிறேன். காரணம் கீழே வருகிறது.

நேற்றே போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பதற்றத்தில் எனக்கு நாக்குக் குழறும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன தடவை ஜெயலெட்சுமியின் மூட்டுவலி மருந்தைப் பற்றி எழுதியது மரண உதவிச் சங்கத்துக் குழுவுக்குப் போய், ஆறேழு பேர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டீர்கள். கலியாண வயதில் ஒரு மகள் இருப்பதை நாங்கள் ஏன் மறைத்தோம் என்பது ஒன்று. வந்து பார்த்துவிட்டுப் போன தம்பி செல்லசாமிக்கு அந்த மகள் ரதியை மிகவும் பிடித்துவிட்டது, தன் மகன் கிஷாந்துக்குக் கேட்கிறார், பெண் கொடுத்துப் பெண் எடுத்ததாகவும் இருக்குமே என்பது மற்றது. ஐயா, மாரியம்மன் அறிய எழுதுகிறேன். எங்களுக்கு நிரோஷன் ஒருவன்தான் பிள்ளை. உங்கள் தம்பி பார்த்துப் பிடித்துப்போன ரதியும் அவன்தான். உங்கள் கேஷிகாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையை உங்கள் தம்பி மகனுக்குக் கட்டிக்கொடுக்க எங்களால் முடியாத நிலையில் இருக்கிறோம்.

இது எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மாசி மாதக் காமன் கூத்து உங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் எங்கள் தோட்டத்து முறை கொஞ்சம் கண்டிப்பு. காமனும் ரதியும் ஆம்பிளைகள்தான் கட்ட வேண்டும். கையில் காப்புக் கட்டிய நாளிலிருந்து கவிச்சியும் குடியும் கூடாது. பகலில் வீடு வீடாகப் போய் ஆட வேண்டும். பௌர்ணமியன்று சிவன் காமனை எரித்ததும் ரதி புரண்டு அழ வேண்டும். ரதி கட்டுகிறவன் மீசையை எடுக்க வேண்டும். காப்பை அவிழ்க்கும்வரை, பெற்ற தாயாக இருந்தாலும் அவனைப் பேர் சொல்லியோ மகன் என்றோ சொல்லக்கூடாது. ரதி என்றுதான் சொல்ல வேண்டும். மீறினால் அந்த வருஷம் தோட்டத்துக்கு ஆகாது என்று எங்கள் நம்பிக்கை.

பல வருஷமாக ரதி கட்டியவர் தன் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். புது ரதி யார் என்று கோயிலில் கூட்டம் கூடி, சத்தம் கூடி, தீர்மானம் மட்டும் வரவில்லை. கோயிலுக்கு இந்த வருஷத்துத் தலைவர் நான். அப்போது எங்கள் பள்ளிக்கூடத்து ஜீவராணி டீச்சர் லேப்டாப்போடு வந்தார். வார இறுதியில் கண்டிக்குப் போய் நிர்வாகப் படிப்புப் படிக்கிறார். பல காரணிகளை நிறுத்துப் பார்த்து முடிவெடுக்க ஒரு முறை இருக்கிறதாம். நாற்பது வருஷம் கொழுந்துத் தராசு பிடித்த எனக்கே நிறுக்கச் சொல்லித் தருகிறார்களே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனாலும் சண்டை ஓய்ந்தால் போதும் என்று நானே கற்பூரம் கொளுத்தி, வருகிற முடிவை எல்லாரும் ஏற்போம் என்று சத்தியம் வாங்கினேன். அந்தக் கற்பூரத்தை நினைத்தால் இன்றைக்கும் கை சுடுகிறது.

டீச்சர் முதலில் இரண்டிரண்டாகக் கேட்டார். குரல் முக்கியமா, உயரம் முக்கியமா? குரல் என்றோம். உயரமா, விரதமா? காமனின் தோள் உயரத்துக்காவது வராவிட்டால் ஜோடி எடுபடாது, உயரம் என்றோம். விரதமா, குரலா? சாமி காரியம் அல்லவா, விரதம் என்றோம். லேப்டாப்பில் ஏதோ சிவப்பாக வந்தது.

"ஒங்க பதில்ல முரண்பாடு இருக்குங்க" என்றார் டீச்சர்.

எங்கள் பொருளாளர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "அப்ப நா பொய் சொல்றேன்னு மிசினு சொல்லுதா? கோயிலுக்குள்ள வச்சு சொல்லுதா?"

அவரை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். பிறகுதான் டீச்சர் பெரிய விஷயத்துக்கு வந்தார். "இதெல்லாம் தனித்தனியா நிக்கிற விசயம் இல்லைங்க. ஒன்னு இன்னொன்ன புடிச்சு இழுக்கும். எது எத இழுக்குதுன்னு சொல்லுங்க, அதையும் சேத்துத்தான் நிறுக்கணும்." எனக்குச் சட்டென்று புரிந்தது. மழைநாளில் கொழுந்தை நிறுத்தால் தண்ணீரும் சேர்ந்துதானே தராசில் ஏறும்? அதைக் கழிக்காமல் எழுதினால் கணக்கு கணக்காகவா இருக்கும்? நான் தலையாட்டினேன். தலைவர் ஆட்டியதால் எல்லாரும் ஆட்டினார்கள்.

முதல் ஆள் ஆட்டோ ஓட்டும் தனுஷன். குரலில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் கொஞ்சம் உள்ளே போனால்தான் அந்தக் குரல் வெளியே வரும். விரதம் வைத்தால் குரல் போகும், குரல் வேண்டுமென்றால் விரதம் போகும். இரண்டாவது ஆள் துஷாந்த், முகம் அப்படியே மகாலெட்சுமி. அவனுக்கு எல்லாம் சரி என்று டீச்சர் எழுதப் போகும்போது, அவன் பெண்டாட்டி நிஷாந்தி கூட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். "மீசைய எடுத்துட்டு வூட்டுக்குள்ள வந்தாரு, நா எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன். நா போயிட்டா இவருக்கு யாரு மரக்கறி ஆக்கிப் போடுறது? கடைல கருவாடு திம்பாரு. வெரதம் என்னாகும்? எழுதிக்கங்க டீச்சர்." டீச்சர் எழுதிக்கொண்டார். மீசையிலிருந்து பெண்டாட்டிக்கு, பெண்டாட்டியிலிருந்து சாப்பாட்டுக்கு, சாப்பாட்டிலிருந்து விரதத்துக்கு என்று கரும்பலகையில் அம்புக்குறியாகப் போட்டுக்கொண்டே போனார்.

"மூணாவதா ஒரு பேரு இருந்தா ஒப்பிட்டுப் பாக்க லேசா இருக்கும்" என்றார் டீச்சர். ஐயா, அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. தலைவர் தன் வீட்டுப் பிள்ளையையும் நிறுத்தினார் என்று நாளைக்கு நாலு பேர் சொல்லட்டுமே என்று, நிரோஷன் பேரைக் கொடுத்தேன். எப்படியும் தோற்றுவிடுவான் என்ற தைரியம்தான். தோட்ட ஆபிஸில் கிளாக்கர் வேலை பார்க்கிற பையன், எதிலும் நடுத்தரம். குரல் சுமார், முகம் சுமார், ஆட்டம் சுமார். பெற்றவனாகிய நானே எல்லாவற்றிலும் குறைத்துக் குறைத்துப் போட்டேன்.

"இவருக்கு எதுனாச்சும் பாதிக்குற விசயம் இருக்குங்களா, தலைவரே?" என்று டீச்சர் கேட்டார்.

இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். கந்தப்பளையில் பெண் பேசியிருக்கிறோம், பையன் மீசையோடு போய் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கை நனைக்குமுன் கலியாணப் பேச்சை வெளியே விட்டால் கண்பட்டுவிடும் என்று ஜெயலெட்சுமி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கந்தப்பளை என்ற பேரையே அவள் வீட்டில் எடுக்கவிடவில்லை. அங்கிருந்து வருகிற கோவா மரக்கறியைக்கூட நுவரெலியாக் கோவா என்றுதான் சமைத்தாள். அதனால், "ஒன்னுமில்லீங்க டீச்சர்" என்றேன்.

லேப்டாப் யோசித்தது. முடிவு வந்தது. "தனித்தனியா பாத்தா ஒங்க மகன்தான் கடைசிங்க. ஆனா அவருகிட்ட எதுவும் எதையும் கெடுக்கல. குடி இல்ல, பொண்டாட்டி இல்ல, சண்ட இல்ல. எல்லாத்தையும் சேத்து நிறுத்தா அவருதான் மொதல்ல வாராரு" என்றார் டீச்சர் சந்தோஷமாக. கூட்டம் கைதட்டியது. சத்தியம் வாங்கியவன் எதிர்த்துப் பேச முடியுமா? நானும் தட்டினேன்.

வீட்டில் நடந்ததை எழுதினால் தாள் போதாது. ஜெயலெட்சுமி முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தன் கூறைச்சேலையை எடுத்து மகனுக்குக் கொசுவம் வைத்துப் பழக்கத் தொடங்கினாள். மீசை போனது. வேஷம் போடுகிற ஆள் ஆர்வத்தில் புருவத்தையும் கொஞ்சம் எடுத்துவிட்டார். பையன் மட்டும் முகம் சுளிக்காமல், எடுத்த காரியத்தை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று பாட்டும் அழுகையும் படித்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், காப்புக் கட்டி அவன் வாசலில் வந்து நின்றபோது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது.

இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயதிலேயே கொழும்புக் கடைக்குப் போனவர், காமன் கூத்துப் பார்த்திருக்க மாட்டார். எங்கள் வாசலில் ஆட்டம் முடிந்து, காமனும் தப்புக்காரர்களும் பீலியடிக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். ரதி மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு கதவோரம் நின்றது.

"இது யாருங்க?" என்றார் உங்கள் தம்பி.

மகன் என்று சொன்னால் சாமி குற்றம். ஜெயலெட்சுமி, "ரதிங்க" என்றாள்.

"நல்ல பேரு. ஒங்க புள்ளைங்களா?"

"எங்க வூட்டுப் புள்ளதாங்க."

"மாப்புள எங்கங்க?"

"இப்ப வூட்ல இல்லீங்க."

நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். முறைப்படி பார்த்தால் இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிறகு ரதியே உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து, தலையை நிமிர்த்தாமல் நீட்டியது. "இந்தக் காலத்துல இப்புடி ஒரு அடக்கமான புள்ளயா!" என்று அவர் உருகிப்போனார். ஐயா, அது அடக்கம் இல்லை. வாயைத் திறந்தால் கிளாக்கர் குரல் வந்துவிடும் என்ற பயம்.

ஆகவே உங்களிடம் பணிவாகக் கேட்பது இதுதான். தம்பிக்கு மனம் நோகாமல், ரதி இல்லை என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெண் பார்க்க வருவதாக இருந்ததை, சித்திரை வருஷப்பிறப்புக்குப் பிறகு என்று தள்ளிவையுங்கள். இப்போது அவன் மேலுதட்டைப் பார்த்தால் நாற்றுத் தவறணையில் வைத்த தேயிலைக் கன்று மாதிரி அங்கொன்று இங்கொன்றாக இருக்கிறது. கையில் மருதாணி வேறு அழியவில்லை. இந்தக் கோலத்தில் பார்த்தால் உங்கள் மகள் வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்று எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் வீட்டுச் சம்பந்தம் கைவிட்டுப் போனால் ஜெயலெட்சுமி என்னை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். அதற்கு அவளுக்கு முழு உரிமையும் உண்டு. நிரோஷன் இனி ஒருநாளும் சேலை கட்ட மாட்டான், மீசையில் கத்தி வைக்க மாட்டான் என்று அவன் சார்பில் நான் உறுதி தருகிறேன்.

உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் என்றும் குறைவில்லாமல் எரியட்டும். பிள்ளைகள் சீரோடு வாழட்டும். பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு, கேஷிகாவுக்கு எங்கள் ஆசி, தம்பி செல்லசாமி அவர்களிடம் மன்னிப்பும் கேட்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கும்
அழகையா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஜெயலெட்சுமிக்குப் போன் வந்தது. உங்கள் மகள் கேஷிகா. நான் கேட்கட்டும் என்று ஜெயலெட்சுமி சத்தமாகப் போட்டாள். "அத்த, சித்தப்பா பாத்தது யாருன்னு எனக்குத் தெரியுங்க" என்றது பிள்ளை. காமனை எரித்த அன்றைக்கு இங்கே ஒரு தோழி வீட்டுக்கு வந்திருந்ததாம், கூட்டத்தோடு நின்று பார்த்ததாம். (உங்களிடம் சொல்லவில்லையாம், கோபிக்க வேண்டாம்.) மீசை வளரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவைக்க நான் எழுதியிருப்பதை ஜெயலெட்சுமி சொன்னாள். அதற்குப் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரதி அழுதப்ப பக்கத்துல நின்ன பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க, அத்த. நானும் அழுதேன். புருசன் போயிட்டா ஒரு பொம்பளைக்கு எப்புடி இருக்கும்னு ஒரு ஆம்பள இவ்வளவு தூரம் நெனச்சுப் பாத்திருக்காரே. எனக்கு அவரு போதும். மீசைக்காக ஞாயித்துக்கெழமைய தள்ளிப் போடாதீங்க. வளந்தா வளரட்டும், வளராட்டிப் போகுது."

அதனால் மேலே நான் எழுதிய எதையும் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறோம். போனை வைத்துவிட்டு ஜெயலெட்சுமி என் பக்கம் திரும்பினாள். "முப்பது வருசத்துல எனக்காக ஒரு சொட்டு அழுதிருக்கீங்களா?" என்று கேட்டாள். கண்ணாடியையும் சவரக்கத்தியையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். ஆகவே உங்கள் வாசலுக்கு மீசை இல்லாமல் இரண்டு பேர் வருவோம். அதில் இளையவர்தான் மாப்பிள்ளை.