ரிப்போர்ட் அக்காவும் வரிக்கால மெயில்களும்

பினாங்குத் தீவில் இணைய மோசடிக்காரர்கள் பயப்பட வேண்டிய ஆள் ஒருவர்தான் உண்டு: எங்கள் ரிப்போர்ட் அக்கா. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்ததும் அவரே என்பதால் வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

சூலியா தெருவுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த லாரி கம்பெனியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா கணக்குப் பிரிவு. வருமான வரிக் காலம் பிறந்துவிட்டால் போதும், ‘உங்கள் வரிப்பணம் திரும்பக் கிடைக்கிறது, இங்கே அழுத்தவும்’ என்று பொய் மெயில்கள் வந்து குவியும். நாங்கள் அழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அக்கா விடமாட்டார். அனுப்பியவனின் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிப்பார். வரி அலுவலகத்துக்குப் புகார் அனுப்புவார். அதோடு முடிந்ததா? மெயிலை அச்செடுத்து, மலாய்ப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, மார்க் போட்டு, டீ போடும் அறையின் சுவரில் ஒட்டுவார்.

“இவனுக்கு முப்பத்தஞ்சுதான் லா. ‘அன்பான வாடிக்கையாளரே’ன்னு ஆரம்பிக்கிறான். வரி ஆபீசுக்கு நாம எப்ப வாடிக்கையாளர் ஆனோம்?”

ஒருமுறை முதலாளி வெளியூரிலிருந்து, தன் சொந்த மெயிலில், ‘அவசரம், ஊழியர்களின் வரி விவரங்களை உடனே அனுப்பவும்’ என்று எழுதிவிட்டார். அக்கா அதையும் புகார் செய்தார். கொதித்துப்போன முதலாளி புது நம்பரிலிருந்து போன் செய்தார்.

“நான்தான் முதலாளி பேசுறேன்!”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க. போன தீபாவளி விருந்துக்கு நீங்க என்னா கொண்டாந்தீங்க, சொல்லுங்க.”

முதலாளிக்கு நினைவில்லை.

“அப்ப நீங்க முதலாளி இல்ல” என்று அக்கா போனை வைத்துவிட்டார். உண்மையில் முதலாளி எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்த கதையில் ஒரு மார்ச் மாதம் முனியாண்டி அண்ணன் வந்து சேர்ந்தார். எங்கள் லாரி டிரைவர். அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்று கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், சரக்கு ஏற்றக் காத்திருந்தவர் போன் செய்தார்.

“அக்கா, எனக்கு வரிக் காசு திரும்ப வருதாம்! பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் போட்டுட்டேன். இப்ப போன்ல ஆறு நம்பர் வந்திருக்கு. அத எங்கக்கா போடணும்?”

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“எங்கயும் போடாதீங்க! போன கீழ வைங்கண்ணே!”

“கீழ வச்சா எப்படிக்கா பேசுறது?”

அந்தக் கணக்கில் இருந்தது அவர் மனைவியின் கண் ஆபரேஷனுக்காகச் சேர்த்த பணம். அக்கா ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். “பேங்க் கார்டுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும். அதுக்கு மட்டும் அடிங்க. மெயில்ல இருக்கிற நம்பருக்கு அடிக்கவே கூடாது. கணக்க மூடச் சொல்லுங்க. சொல்லிட்டு எனக்கு அடிங்க.”

வங்கி உடனே கணக்கை முடக்கிவிட்டது. ஒரு வெள்ளிப் பணம்கூடப் போகவில்லை.

ஆனால் சாயங்காலம் லாரி வந்தது, அண்ணன் மாடிக்கு வரவில்லை. நானும் அக்காவும் இறங்கிப் போனோம். ஸ்டியரிங்கில் தலை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“எல்லாரும் சிரிப்பாங்கக்கா.”

“யாரு சிரிக்கிறான்னு நான் பாக்குறேன். இறங்குங்க, போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணணும்.”

நான்தான் காரை ஓட்டினேன். நிலையத்தில் இருந்த அதிகாரி எவ்வளவு பணம் போனது என்று மலாயில் கேட்டார். அண்ணன் குனிந்துகொண்டார். அக்கா மலாயிலேயே பதில் சொன்னார்: “ஒன்றும் போகவில்லை. கடைசியாக வந்த ஆறு நம்பரை இவர் கொடுக்கவில்லை, நிறுத்திக் கேட்டார். முதலில் அதை எழுதுங்கள்.”

அதிகாரி எழுதினார். அண்ணன் மெல்ல நிமிர்ந்தார்.

மறுநாள் அந்த மெயில் சுவரில் இருந்தது. யாருக்கு வந்தது என்ற விவரம் இல்லை. மார்க் தொண்ணூற்றைந்து. கீழே, ‘பலே கெட்டிக்காரன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.’ டீ கலக்க வந்த முனியாண்டி அண்ணன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். நானும் அருகில் போய்ப் படித்தேன். வரி அலுவலகத்தின் பெயரிலேயே எழுத்துப் பிழை இருந்தது. சிவப்புப் பேனா அதைத் தொடவில்லை.

அக்கா இப்போது ஓய்வு பெற்று, டத்தோ கிராமாட் பகுதியில் வீட்டோடு இருக்கிறார். இந்த வரிக்காலத்தில் எனக்கும் ஒரு மெயில் வந்தது. குழந்தைகூட நம்பாது. அப்போதே புகார் செய்துவிட்டேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்து, “அக்கா, காசு வருதுன்னு போட்டிருக்கான், இது உண்மையா?” என்று கேட்டேன்.

அரைமணி நேரம் திட்டினார். போனை வைக்க மனம் வராமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.