சட்டைப் பையில் ஒரு ஃபேன் குமிழ்

கார்பன் காவலர் என்றொரு இனம் இப்போது நம்மிடையே பெருகிவருகிறது. அடையாளம் காண்பது எளிது. பூமி சூடாகிறதே என்று உருகுவார். பக்கத்தில் வியர்த்து வழிபவரைப் பார்க்கமாட்டார்.

கோவில்பட்டியில் உரக்கடை நடத்தி ஓய்ந்த பூவனலிங்கம் இந்த இனத்தில் முதல் தரம். எழுந்ததும் செல்போனில் வீட்டுக் கார்பனைக் கணக்குப் பார்த்து, ஃபிரிட்ஜை எத்தனை தடவை திறந்தாய் என்று மனைவி ஆவுடைத்தாயை விசாரித்து, மிக்ஸியைப் பரணில் ஏற்றி அம்மியைக் கைகாட்டி, ஊரே தீப்பெட்டி செய்கிற ஊரில் அடுப்புக்கு நாளைக்கு ஒரே குச்சி என்று எண்ணிக் கொடுத்து முடிப்பதற்குள் மணி பத்தாகிவிடும். பூமி பிழைத்தது. அம்மி அரைத்தது யார்?

பூமியைக் காக்கவென்றே மூங்கில் பிரஷ், மூங்கில் சீப்பு, மூங்கில் கரண்டி என்று டெல்லியிலிருந்து தினம் ஒரு பார்சல் வேனில் வந்திறங்கும். அந்த வேன் என்ன காற்றிலா ஓடுகிறது? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

இந்தச் சித்திரையில்தான் நிலைமை முற்றியது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற வெயிலில், ஃபேன் ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, குமிழைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போகத் தொடங்கினார். ஆவுடைத்தாய்க்கோ ரத்தக்கொதிப்பு. நேற்று மதியம் தலைசுற்றி அடுக்களையில் உட்கார்ந்தவள், சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"ஏங்க, வெந்து சாவுதேன். குமிழைக் குடுத்துட்டுப் போங்க."

"ஏட்டி, ஆளாளுக்கு இப்படிச் சொன்னா பூமி எப்படித் தாங்கும்? ஈரத்துணிய மேல போட்டுக்கோ."

சொல்லிவிட்டு, பத்து நிமிடமாக ஏசி ஓடிக் குளிர்ந்திருந்த காரில் ஏறிப் போய்விட்டார்.

இன்று பக்கத்து ஊரான இடைசெவலில் சுற்றுச்சூழல் கூட்டம். பேச்சாளர் இவர்தான். தலைப்பு: 'மாற்றத்தை வீட்டிலிருந்தே தொடங்குவோம்'. வேட்டி மடிப்புக் கலையாமல் கிளம்பினால், கார் சாவியைக் காணோம்.

"எங்கிட்டதான் இருக்கு," என்றாள் ஆவுடைத்தாய், இடுப்பைத் தட்டி. "காருக்கும் கார்பன் உண்டும்லா? பஸ்ஸுல போங்க."

"இந்த வெயில்லயா? செத்துப்போவேன்ட்டி!"

"ஈரத்துணிய மேல போட்டுக்கிடுங்க."

பூவனலிங்கம் பையிலிருந்து குமிழை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அதை மாட்டி ஐந்தில் வைத்து, ஃபேனுக்கு நேர்கீழே பாயை விரித்தாள். சாவியைத் தரவேண்டும் என்றுதான் இருந்தாள். காற்று பட்டதும் தூங்கிவிட்டாள்.

பேச்சாளர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்.

நீங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள்? எதற்கும் உங்கள் சட்டைப் பையையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். வீட்டுக்குள்ளே யாருக்கோ வியர்க்கிறது.