இரண்டு குட்டை, ஒரு நெட்டை

786

தென்காசி
ஆவணி 7, வெள்ளிக்கிழமை

என் சீனி மசூது மச்சானுக்கு, உங்கள் ஹாஜரா பீவி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கியிருக்கிற கபருக்குப் போகிறவர்கள் அங்கே நின்று உங்களுக்கு ஸலாம் சொல்லலாமாம். பெண்பிள்ளை, அதுவும் புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவள், நாலு மாதம் பத்து நாளைக்கு வாசலையே தாண்டக் கூடாதாம். அதனால் காகிதத்தில் சொல்கிறேன். இங்கே நானும் மாமியும் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். உங்கள் சுகத்தைக் கேட்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், அதுவரைக்கும் டீச்சர் இதைச் சொல்லித் தரவில்லை.

விஷயம் என்னவென்றால், நீங்கள் மாட்டிவிட்டுப் போன காலிங் பெல் நம் மானத்தை வாங்குகிறது. உங்களுக்குக் கரண்டு சாமான் என்றால் கிறுக்கு என்பது எனக்குத் தெரியாததல்ல. கொழும்பிலிருந்து உங்கள் சேக்காளி அகமது கபீர் கொண்டுவந்தாரென்று ரொட்டி சுடுகிற பெட்டியை வாங்கி வைத்தீர்கள். இந்த ஊரில் காய்ச்சல்காரர்தான் ரொட்டி தின்பார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வராதா என்று நீங்கள் ஒரு வருஷம் காத்திருந்தீர்கள், நான் தும்மினால் உங்கள் முகம் மலரும். அதையாவது பொறுத்தேன். இந்தப் பெல் அப்படியா? வாசலில் பட்டன், அடுப்படியில் பெட்டி, ஒரு பாடம் வேறு நடத்தினீர்கள். ஒரு அடி அடித்தால் வெளி ஆள், நான் திரைக்குப் பின்னால் போக வேண்டும். இரண்டு அடித்தால் என் அண்ணன். மூன்று அடித்தால் பால்காரர், செம்பை எடுக்க வேண்டும். இரண்டு குட்டை, ஒரு நெட்டை அடித்தால் நீங்கள். கிர், கிர், கிர்ர்ர்ர். யாரது என்று கேட்காமலே திறப்பேன்.

வைகாசியில் உங்கள் சைக்கிள் கடையில் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டு இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். தூக்கி வந்தவர்கள் பெல் அடிக்கவில்லை. கதவைத் தட்டினார்கள்.

நாற்பதாம் நாள் கழிந்து ரெண்டு நாள் இருக்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து, இங்கே சாரல் பிடித்து, பொழுது சாயுமுன்னே, அஸர் தொழுகை நேரத்துக்கே வீடு இருட்டிக் கிடந்தது. நான் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறேன். கிர், கிர், கிர்ர்ர்ர். முறத்தில் இருந்த அரிசி தரையில் கிடக்கிறது. அதற்குள் கட்டிலில் படுத்திருந்த மாமி, ஏதோ தினமும் நடக்கிற காரியம் மாதிரி சொல்கிறார்கள்:

"ஏட்டி, மசூது வந்துட்டான் பாரு. நனைஞ்சிருப்பான், துண்டை எடுத்துட்டுப் போ."

நானும் எடுத்துக்கொண்டு போனேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாற்பது நாள் அழுதவள் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். திறந்தால் ஆள் இல்லை. எதிர்வீட்டு ஆடு ஒன்று சாரலுக்கு ஒதுங்கி நின்றது. அதற்குத் துண்டை நீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் மாமி எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சிந்திய அரிசியை அள்ள உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு சாரல் விழுகிற நாளெல்லாம் இதே கூத்து. யாசீன் ஓத வந்த பெண்கள் ஓதுவதை நிறுத்திவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு பெல்லைப் பார்க்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஓத வருகிறவர்கள் இரட்டிப்பாகிவிட்டார்கள், ஓதுவதற்கு இல்லை, கேட்பதற்கு. பின்தெரு முத்துவடிவு ஒரு படி மேலே போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் லாரியோடு புளியறையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய் எட்டு நாளாகிறதாம், எப்போது வருவார் என்று அண்ணாச்சியிடம், அதாவது உங்களிடம், கேட்டுச் சொல்ல வேண்டுமாம். வெறுங்கையாகக் கேட்கக் கூடாதென்று, தண்ணீரில் நனைத்த பிச்சிப்பூச் சரம் ஒரு முழம் கொண்டுவந்து பட்டனில் சுற்றிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். பெல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. தெருவே வாசலில். மாமி தோசைக் கரண்டியை எடுத்துப் பெட்டியின் மேலே ஓங்கி ஒரு போடு போட்டு, "இருடா வாறோம், உயிர எடுக்காத" என்றார்கள். என்ன சொன்னோம் என்று பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. முத்துவடிவு வீட்டுக்காரர் மறுநாளே வந்துவிட்டார். அதுதான் பெரிய வினையாகப் போயிற்று, அதற்கடுத்த நாள் ஆறு பேர் பூவோடு வந்தார்கள்.

என் அண்ணன் கிதிர் முகம்மதுவுக்குத் தலை நிமிர முடியவில்லை. "ஏட்டி ஹாஜரா, சந்தைக்கு வாறவன்லாம் பெல் வீட்டுக்கு வழி எதுன்னு என்கிட்டயே கேக்கான். வெள்ளிக்கெழம அதப் பிடுங்கிப் போடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி இன்றைக்கு ஒயர்மேன் பிச்சுமணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

பிச்சுமணி பட்டனைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, பேயும் இல்ல பிசாசும் இல்ல. சாரல் தண்ணி. ஓட்டு நுனியில இருந்து ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பொறவு ஒழுக்கு. அதான் அப்பிடி அடிக்கு. பட்டனுக்கு மேல தகரம் இருந்திருக்கு, ஆணித் தடம் கெடக்கு பாருங்க. இப்பக் காணல" என்றான்.

"தகரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கம்பிய அறுத்துப் போடுய்யா" என்றார் அண்ணன்.

"அறுக்கப்படாது."

அது யார் குரல் என்று நானும்தான் திடுக்கிட்டேன். அந்நிய ஆண் கேட்க, இத்தாவில் இருக்கிற பெண், திரை ஆடுகிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். பிச்சுமணி கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. மாமிதான் முதலில் தெளிந்தார்கள்.

"கிதிரு, இது எம் மவன் மாட்டினது. நீ போயி டீயக் குடி."

பிச்சுமணி பிழைக்கத் தெரிந்தவன். சுவர் ஈரமாக இருக்கிறது, இப்போது ஆணி பிடிக்காது, சீசன் முடிந்ததும் வந்து புதுத் தகரம் அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவினான். அண்ணன் டீ குடிக்காமலே போனார்.

உங்கள் கபரை அல்லா வெளிச்சமாக்கி வைக்கட்டும். அங்கே கரண்டு சாமானில் கை வைக்காமல் இருக்கவும். மாமி தினமும் உங்களுக்காக துஆ கேட்கிறார்கள், இடையிடையே திட்டவும் செய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஹாஜரா பீவி

பின் குறிப்பு: உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. முதல் நாள் கதவைத் திறந்தேனே, ஆட்டின் காலடியில் தகரம் கிடந்தது. காற்றில் விழுந்திருக்கிறது. பார்த்ததுமே விளங்கிவிட்டது. கொண்டுபோன துண்டில் அதைச் சுற்றி எடுத்துவந்து, ரொட்டிப் பெட்டிக்குள் செருகி வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதமாக எல்லாரோடும் சேர்ந்து நானும் நெஞ்சைப் பிடித்தேன். இன்றைக்கு பிச்சுமணி போனதும் மனசு கேட்காமல் எடுத்து மாமியிடம் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் பெட்டிக்குள் தகரத்தைக் காணவில்லை. மாமி குளிக்கப் போன நேரம் படுக்கையை உதறினேன். தலையணைக்குக் கீழே, உங்கள் பழைய கைலிக் கிழிசலில் சுற்றி இருக்கிறது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சாரல் குறைந்துவிட்டது. நாலு நாளாக பெல் அடிக்கவில்லை. அடுத்த மாதம் இத்தா முடிகிறது, பிறகு பிழைப்புக்குப் பீடி சுற்ற இலை வாங்க நான்தான் கடைக்குப் போய்வர வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்து நம் வாசலில் நிற்பேன். உள்ளே மாமி தனியாகக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். பால்காரருக்குக்கூட அடி வைத்தீர்கள். நான் எப்போதும் உள்ளேயே இருந்ததால் எனக்கு வைக்கவில்லை. நான் எத்தனை அடி அடிக்க வேண்டும், மச்சான்?