அழுத்தி எழுதுங்கள்!

ஐயா மனத்தைப் படிக்கிறாராம்! மாடிக் கூடத்தில் இடம் பிடிக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பல் வைத்தியர் வந்தார். மனைவியின் மனத்தில் என்ன இருக்கிறதென்று முப்பது வருடமாகத் தெரியாத வக்கீலும் வந்தார்.

முறை எளிது. அரை மணி நேரம் கண்ணை மூடித் தியானம். மனத்தில் ஓடியதைக் குறிப்பேட்டில் எழுதி, அந்தத் தாளை மட்டும் கிழித்து அவரவரே நெருப்பில் போட வேண்டும். மிச்சமிருக்கும் வெற்றுக் குறிப்பேடுகளைச் சீடர்கள் ஆசி பெற உள்ளறைக்குக் கொண்டுபோவார்கள். பத்து நிமிடத்தில் ஐயா வெளியே வந்து எல்லாருடைய மனத்தையும் புட்டுப்புட்டு வைப்பார். சாம்பலைப் படிக்கிற மகானுக்கு உள்ளறையில் மூக்குக்கண்ணாடி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தையல்கடை அக்காவுக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நாள் குறித்திருந்தார். ஐயாவோ, "கத்தி பட்டா செத்துடுவோமோன்னு பயப்படுறே. அது கட்டி இல்லம்மா, எண்ண முடிச்சு. இங்க உக்காந்தா கரைஞ்சிடும்" என்றார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்தும் தங்கை கொதித்துப் போனாள்.

"யார்கிட்டயும் சொல்லாத பயம்டி! அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சொல்லல, சரி. எழுதினியா?"

"எரிச்சிட்டேனே!"

அடுத்த முறை தங்கையும் துணைக்குப் போனாள். கண்ணை மூடியதும் அவளுக்கு முழங்கால் வலித்தது. பிறகு, அச்சுக்குப் போன கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு ஒரு கால் விட்டுப்போனதோ என்ற கவலை. ஞானம் மட்டும் வரவில்லை.

"அழுத்தி எழுதுங்க. அப்பதான் எண்ணம் முழுசா இறங்கும்" என்றான் சீடன்.

அழுத்தியா? காகிதத்தோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவள் நிமிர்ந்தாள். எல்லாரும் தாளைக் கிழித்து எரித்து முடித்ததும், பக்கத்திலிருந்த வக்கீலின் குறிப்பேட்டைப் பிடுங்கினாள். வெற்றுத் தாளின்மேல் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தாள். எரிந்த தாளில் அழுத்தி எழுதியதன் தடம், கறுப்புக்கு நடுவே வெள்ளை எழுத்துகளாக எழுந்தது.

"'பசிக்குது. இந்த ஆள் எப்ப விடுவான்?'" என்று உரக்கப் படித்தாள்.

வக்கீல் வெளிறினார். அடுத்தது பல் வைத்தியருடையது: "'முன்வரிசைக்காரர் கொட்டாவி விட்டார். கடைவாய்ப் பல் ரெண்டு சொத்தை.'"

கூடம் சிரித்தது. மூன்றாவது, அக்காவுடையது. தங்கையின் குரல் இறங்கியது.

"'கட்டி பெரிசாகுது. சொன்னா ஐயா கோவிச்சுக்குவாரோ?'"

சிரிப்பு அடங்கியது. சத்தம் கேட்டு ஐயா வெளியே வந்தார். அக்கா எழுந்து அவர் எதிரே நின்றாள்.

"ஐயா, இப்ப நான் ஒண்ணு நினைக்கிறேன். எழுத மாட்டேன். என்னன்னு சொல்லுங்க."

ஐயா கண்ணை மூடினார். நெற்றி வியர்த்தது. "உன் மனசு... ரொம்ப அமைதியா இருக்கும்மா."

"இல்லீங்க. உங்களை உதைக்கணும்னு ஓடுது."

ஐயா பின்வாசல் வழியாக ஓடினார். சீடர்கள் அவரை முந்திக்கொண்டு ஓடினார்கள்.

அன்றே அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அடிக்காத குறையாகத் திட்டிவிட்டு, மறுநாளே அறுத்தெடுத்தார். நல்லவேளை, காலம் கடக்கவில்லை.

ஆனால் அன்று மாடிக் கூடத்திலிருந்து அக்காவோடு கிளம்பும்போதே, தங்கையைப் படிக்கட்டில் வழிமறித்தது ஒரு கூட்டம்.

"அம்மா, உங்களுக்கு ஐயாவைவிட சக்தி அதிகம்! அடுத்த தியானம் எப்போ?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கண்ணைத் திறந்துக்கிட்டும் யோசிக்கலாம்யா! அதுக்கு யாரும் மூணு மாசம் காத்திருக்க வேணாம்."